இரண்டடித் தொட்டியில் கோமாளி மீனையும் கடல் சாமந்தியையும் சேர்த்து வளர்க்கலாமா?

நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால், கோமாளி மீன் ஜோடி ஏற்கெனவே வீட்டுக்கு வந்துவிட்டது, தொட்டி வைத்து இரண்டு மூன்று மாதம்தான் ஆகிறது, "அனிமோன் (கடல் சாமந்திதான்) இல்லாவிட்டால் மீன் ஏங்கிப்போகும்" என்று கடையில் யாரோ சொல்லியிருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. என்னிடமும் அதைத்தான் சொன்னார்கள்.

மீன் ஏங்காது. கடலில் தன்னைத் தின்ன வரும் மீன்களுக்குப் பயந்துதான் அது சாமந்தியின் கொட்டும் இழைகளுக்குள் ஒளிகிறது. உங்கள் கூடத்தில் அதைத் தின்ன யாரும் இல்லை. பரங்கிப்பேட்டை, மண்டபம் ஆராய்ச்சி நிலையங்களில் செய்திருப்பதைப் போலத் தொட்டியிலேயே பொரிக்கப்பட்ட மீனாக இருந்தால், அது சாமந்தியைக் கண்ணால்கூடக் கண்டிருக்காது. என் ஜோடி முதல் மூன்று மாதமும் வெப்பமானியை ஒட்டித்தான் உறங்கியது.

என்னுடையது சென்னை வீட்டில், 24-க்கு 12-க்கு 15 அங்குலத் தொட்டி. கல்லும் மணலும் போக 60 லிட்டர் தண்ணீர் தேறினால் அதிகம். அதில் இழை நுனிகள் குமிழ் போலப் பருத்திருக்கும் வகைச் சாமந்தி ஒன்றை விட்டேன். பதினோராம் நாள் பெண்மீன் (ஜோடியில் பெரியதுதான் பெண்) அதற்குள் புகுந்தது. பிறகொரு நாள், நான் போட்ட இறால் துண்டைத் தின்னாமல் கவ்விக்கொண்டு போய் அது சாமந்தியின் நடுவே வைத்துவிட்டுத் திரும்பியபோது, வீட்டிலிருந்த அத்தனை பேரையும் கூப்பிட்டுக் காட்டினேன். அந்தப் பெருமை ஐந்து வாரம் நீடித்தது.

பெயரில்தான் சாமந்தி, அது நடக்கும் விலங்கு. ஒளியோ நீரோட்டமோ தண்ணீரோ ஒத்துக்கொள்ளாவிட்டால், பாதத்தைப் பெயர்த்துக்கொண்டு இரவோடு இரவாக வேறிடம் தேடும். அப்படி நகர்ந்தபோது வேவ் மேக்கர் (தொட்டிக்குள் நீரோட்டம் உண்டாக்கும் விசிறி மோட்டார்) இழுத்து அரைத்துவிட்டது. காலையில் தண்ணீர் நீர்மோர் போல வெளுத்திருந்தது. மூடியைத் திறந்தால் ஊசிப்போன நண்டின் நாற்றம். பெண்மீனும் கோபி மீன் ஒன்றும் செத்துக் கிடந்தன. பெரிய தொட்டியாக இருந்தால் அரைபட்ட சாமந்தியின் நஞ்சும், அது அழுகி வந்த அம்மோனியாவும் ஓரளவு நீர்த்துப்போயிருக்கும். 60 லிட்டரில் அதற்கு வழியில்லை.

"வேவ் மேக்கருக்குப் பஞ்சு மாட்டாதது உன் தவறு" என்று கீழே எழுத வருபவர்களுக்கு: தவறுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சாமந்தி ஏன் இடம் பெயர்ந்தது என்பதையும் யோசியுங்கள். அது ஏப்ரல் மாதம்; மேலே மின்விசிறி வைத்து 27 டிகிரியில் நிறுத்தியிருந்ததால், நாளுக்கு ஒரு லிட்டருக்கு மேல் ஆவியாகிக்கொண்டிருந்தது. இரண்டு நாள் ஊருக்குப் போய்த் திரும்பியபோது 1.025-ல் இருக்க வேண்டிய ஒப்படர்த்தி (தண்ணீரின் உப்புச் செறிவைக் காட்டும் அளவு) 1.027-ஐ நெருங்கியிருக்க, நான் பதறிப்போய் மூன்று லிட்டர் நன்னீரை ஒரே மூச்சில் ஊற்றினேன். அன்றிரவுதான் அது நடந்தது. மீன் பொறுத்துக்கொண்ட ஏற்ற இறக்கத்தைச் சாமந்தி பொறுக்கவில்லை என்றே நினைக்கிறேன். நடந்ததைக் கடையில் சொன்னால், "உங்க கைராசி சார், வேற ஒண்ணு எடுத்துட்டுப் போங்க" என்றார்கள். தொட்டிக்கு எத்தனை மாதம் ஆகிறது என்று முதல் முறையும் கேட்கவில்லை, அன்றும் கேட்கவில்லை.

இரண்டடியில் ஆண்டுக்கணக்கில் வளர்த்தவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. வளர்த்தே தீர்வதென்றால், தொட்டிக்கு ஆறு மாதமாவது ஆகட்டும். ஆவியாகும் அளவுக்கு ஆர்.ஓ. தண்ணீரை அன்றன்றே விடுங்கள். வேவ் மேக்கருக்குப் பஞ்சு மாட்டுங்கள். கடையில் வாய் பிளந்து கிடப்பதையும், பாதம் கிழிந்ததையும் வாங்காதீர்கள். பால்போல் வெளுத்திருப்பதை அழகென்று நினைக்க வேண்டாம். உள்ளிருந்து அதற்கு உணவூட்டும் பாசி வெளியேறிவிட்டது என்று பொருள். கம்பளச் சாமந்தி வேண்டவே வேண்டாம், மற்ற மீன்களைப் பிடித்துத் தின்னும்.

அன்று பிழைத்த சிறிய ஆண்மீனுக்குப் பின்னர் இன்னொரு சின்ன மீனைத் துணைக்கு விட்டேன். கோமாளி மீன்களின் இயல்புப்படி அது இப்போது பெண்ணாகிவிட்டது, முட்டைகூட இட்டது. வெப்பமானிக்குப் பின்னால் இருக்கும் கண்ணாடியில்.