நீலப்பூ தட்டு யார் செய்தது?

கேள்வி: எங்கள் பாட்டி தோட்டத்துத் துரை பங்களாவில் வேலை செய்தவர். துரை ஊருக்குப் போகும்போது கொடுத்த நீலப்பூ தட்டு ஒன்று வீட்டில் இருக்கிறது. விளிம்பில் சில்லு போன இடத்தில் உள்ளே மஞ்சள் கலந்த மண் தெரிகிறது. பின்னால் பெயர் எதுவும் இல்லை. அப்பா சீனத் தட்டு என்கிறார், மாமா ஒல்லாந்தர் தட்டு என்கிறார். எது சரி? அதில் சாப்பிடலாமா?
– வாசகி, ஹட்டன்

பதில்: சில்லு போன இடத்தைக் கவனித்து எழுதினீர்களே, பாதி விடை அங்கேயே இருக்கிறது. சீனப் பீங்கான் என்றால் உடைந்த இடமும் வெள்ளையாகத்தான் இருக்கும். உள்ளே மண், மேலே வெள்ளைப் பூச்சு என்றால் அது வெள்ளீயம் கலந்த மெருகு பூசிய மண்பாண்டம், அதாவது ஒல்லாந்து நாட்டு டெல்ஃப்ட் நகரத்தின் பெயரால் வழங்கும் டெல்ஃப்ட் வகை. மாமா பக்கம்தான் சாய்கிறேன்.

சீனப் பூ எப்படி அதில் வந்தது என்றால், ஒல்லாந்தர் போர்த்துக்கீசக் கப்பல்களைப் பிடித்து, அதில் இருந்த சீனப் பீங்கானை 1602இலும் 1604இலும் ஏலம் விட்டார்கள், அதன் பிறகு ஐரோப்பாவில் பணக்கார வீடெல்லாம் அந்த நீலத்துக்கே ஆசைப்பட்டது. 1644இல் மிங் ஆட்சி கவிழ்ந்து சீனாவில் சண்டை மூண்டதும் சரக்கு வரத்து குறைந்துபோனது. டெல்ஃப்ட் நகரத்துக் குயவர்களுக்கு அதுவே நல்ல காலம். பீங்கான் செய்யும் வித்தை அவர்களுக்குத் தெரியாது, அதனால் மண்ணைச் சுட்டு, வெள்ளை மெருகில் தோய்த்து, அது காய்ந்ததும் கோபால்ட் நீலத்தால் செவ்வந்தியும் பறவையும் வரைந்து மறுபடி சுட்டார்கள். ஊசியால் துளையிட்ட காகிதத்தை வைத்துக் கரித்தூளைத் தட்டிக் கோட்டுருவம் எடுப்பார்கள், கரி சூளையில் எரிந்துவிடும். ஆனால் காய்ந்த மெருகு தூரிகை பட்டவுடனே சாயத்தை உறிஞ்சிவிடும், அழித்து வரைய வழியே கிடையாது. அந்தக் கைத்திறமையை நினைத்தால் எனக்கு இன்றும் மலைப்புத்தான்!

சரி, ஒல்லாந்தர் காலத்திலேயே மலையகத்துக்கு வந்ததா? அப்படி நினைக்க வேண்டாம். அவர்கள் ஆண்டது கரையோரத்தை. 1765இல் கண்டிக்குள் புகுந்தும் நிலைக்க முடியவில்லை. தேயிலைத் தோட்டத்து பங்களாக்கள் வெள்ளைக்காரர் காலத்தவை, துரைமார் சீமையிலிருந்து சாமான் கொண்டுவந்தார்கள். இங்கிலாந்திலும் லம்பெத், பிரிஸ்டல், லிவர்பூல் பக்கம் இதே வகைத் தட்டு செய்தார்கள் என்பதால் உங்களுடையது அங்கே செய்ததாகவும் இருக்கலாம்.

இன்னொன்றையும் பாருங்கள். கண்ணாடி வில்லையை வைத்து நீலத்தை உற்றுப் பார்க்கும்போது கோடு தடித்தும் மெலிந்தும் ஓடினால் கை வேலை. பொடிப் புள்ளியும் மயிர்க்கோடுமாக, விளிம்புப் பூவேலை ஓரிடத்தில் ஒட்டுப்போட்டது போலப் பொருந்தாமல் நின்றால் அது அச்சு, 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து ஆங்கிலேயர் ஏராளமாகச் செய்தது.

சாப்பிட மட்டும் பாவிக்காதீர்கள். அந்த மெருகில் ஈயமும் உண்டு. புளி, தேசிக்காய், அச்சாறு பட்டால் ஈயம் சாப்பாட்டில் இறங்கும், பிள்ளைகளுக்கு அது ரொம்பக் கெடுதல். தண்ணீரில் ஊறவும் போடாதீர்கள், சில்லு வழியாக மண் ஈரம் குடித்துக் கறை பிடிக்கும். ஈரத்துணியால் துடைத்து, பிள்ளைகள் கை எட்டாத அலுமாரியில் வையுங்கள்.