வடக்குச் சம்பளம் யார் தலையில்?

கேள்வி: ரஷ்யாவின் வட கோடி நகரங்களில் பள்ளிக்கூடம் பெருக்குகிறவருக்குக்கூட இரண்டரை மடங்கு சம்பளம் என்கிறார்கள். அள்ளிக் கொடுத்துவிட்டு நகராட்சி பட்ஜெட்டில் துண்டு விழுகிறது என்றால் தப்பு யாருடையது?

பதில்: பெருக்குகிறவருடையது இல்லை. உங்கள் கேள்வி அவர் பக்கம் கையைக் காட்டுகிறது, அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

வோர்குட்டா என்ற நிலக்கரி நகரத்தையே பார்ப்போம், கோமி குடியரசில், ஆர்க்டிக் வட்டத்துக்கும் வடக்கே இருக்கிறது. அங்கே அடிப்படைச் சம்பளத்தை வட்டாரக் குணகமான, அதாவது அந்த வட்டாரத்துக்கென்று அரசு வைத்திருக்கும் பெருக்கல் எண்ணான 1.6-ஆல் பெருக்குவார்கள். அதற்கு மேல் வடக்கில் வேலை செய்த காலத்துக்கேற்ப வடக்குப் படி உண்டு, அது அடிப்படைச் சம்பளத்தில் ஆறு மாதத்துக்கு 10 சதவீதமாக ஏறி 60-ஐத் தொட்டு, அப்புறம் வருடத்துக்கு 10 என்று 80-ல் நிற்கும். ஐந்து வருடம் அந்தக் குளிரில் இருந்தவருக்குத்தான் முழுப் படி. ஆக 1.6-உம் 0.8-உம் சேர்த்து மொத்தம் 2.4 மடங்கு. சரி, எதன் 2.4 மடங்கு?

2017 ஜூலையில் நாட்டின் குறைந்தபட்ச ஊதியம் மாதம் 7,800 ரூபிள். படிகளையும் அதற்குள்ளேயே சேர்த்துக் கணக்குக் காட்டலாம் என்ற நிலை அப்போது இருந்ததால், வோர்குட்டாவில் 3,250 ரூபிள் அடிப்படைச் சம்பளம் போட்டாலே 7,800 வந்துவிடும், சட்டமும் நிறைவேறிவிடும். ஆனால் தெற்கே வெயில் அடிக்கும் ஊரில் அதே வேலை செய்கிறவருக்கும் அதே 7,800 உண்டு. குளிருக்கென்று இவருக்குக் கூடுதலாக ஒரு காசு வரவில்லை. இதைத்தான் அள்ளிக் கொடுத்தது என்கிறீர்கள்.

சில தொழிலாளர்கள் வழக்குப் போட்டார்கள். 2017 டிசம்பர் 7 அன்று ரஷ்ய அரசியல் சாசன நீதிமன்றம், குணகமும் வடக்குப் படியும் குறைந்தபட்ச ஊதியத்துக்கு மேலேதான் வர வேண்டும், உள்ளே அடங்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. நூற்றுக்கு நூறு நியாயமான தீர்ப்பு. 2018 மே மாதம் குறைந்தபட்ச ஊதியமே 11,163 ரூபிளாக உயர்ந்தது. 2.4-ஆல் பெருக்கிப் பாருங்கள், 26,791. பத்து மாதத்தில் 7,800 இருந்த இடத்தில் 26,791!

பாலர் பள்ளி ஆயா, காவலாளி, சமையல் உதவியாள் என்று இந்தக் கடைநிலை ஊழியர்களில் பெரும்பாலோர் நகராட்சியின் ஆட்கள். ஊதியத்தை உயர்த்துவது மாஸ்கோ, மாதக் கடைசியில் பணம் புரட்டுவது நகராட்சி. ஆனால் மதிப்புக் கூட்டு வரி முழுக்க மத்திய அரசுக்குப் போகிறது, நிறுவன லாப வரியை மத்திய அரசும் வட்டார அரசும் பங்கிட்டுக்கொள்கின்றன, தனிநபர் வருமான வரியில் ஒரு துண்டுதான் நகராட்சிக்கு வருகிறது. மாஸ்கோ கொஞ்சம் உதவித் தொகை கொடுத்தது, உண்மைதான், ஆனால் கை நீட்டி வாங்கும் உதவியை நம்பி அடுத்த வருடச் சம்பளப் பட்டியல் போட முடியாது.

செலவு அதோடும் நிற்காது. வடக்கில் வேலை செய்கிறவருக்கு வருடத்துக்கு 24 நாள் கூடுதல் விடுப்பு, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை விடுமுறைக்குப் போய்வர டிக்கெட் செலவு, இரண்டும் சட்டப்படி உண்டு. இவை இல்லாமல் யாரும் அங்கே பிள்ளை குட்டியோடு தங்க மாட்டார்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். கீழ்மட்டச் சம்பளம் உயர்ந்தபோது அதற்கு மேலே இருந்தவர்களுக்கு அதே அளவில் உயர்த்தப் பணம் இல்லை, அதனால் படித்து வேலைக்கு வந்த இளம் நர்ஸின் சம்பளமும் பெருக்குகிறவரின் சம்பளமும் பல இடங்களில் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றன. அந்த நர்ஸின் கோபம் எனக்குப் புரிகிறது. அதை அவர் காட்ட வேண்டியது சம்பளத்தை அறிவித்துவிட்டுப் பணத்தை அனுப்பாதவர்களிடம்.

1989-ல் வோர்குட்டாவில் ஒரு லட்சத்துக்கும் மேல் ஆட்கள் இருந்தார்கள். 2021 கணக்கெடுப்பில் அறுபதாயிரம்கூட இல்லை. பாதி வீடு காலியான கட்டடத்தையும், மீதி இருப்பவர்களுக்காக, வருடத்தில் எட்டு மாதத்துக்கு மேல் முழுதாகச் சூடாக்கித்தான் ஆக வேண்டும். பட்ஜெட்டில் எங்கே துண்டு விழுகிறது என்று தேடுகிறவர் அந்த வீடுகளைச் சூடாக்கும் குழாய்களின் பக்கமும் போய்ப் பார்க்கட்டும்.