ஜிஸ்யா ரசீது: ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இடைக்கால இஸ்லாமிய ஆட்சிகளில் யூதர்களும் கிறிஸ்தவர்களும் நிம்மதியாக வாழ்ந்தார்கள் என்கிறேன் நான். யூத அறிஞர் மைமோனிடஸ் எகிப்திய அரசவையில் வைத்தியராக இருந்தாரே! நண்பரோ, ஜெருசலேமின் திருக்கல்லறை ஆலயத்தை கலீஃபா அல்-ஹாக்கிம் 1009-ல் இடித்ததைச் சொல்லி மறுக்கிறார். யார் சரி? எங்கள் வாட்ஸாப் குழுவில் போட ஒரே வரியில் பதில் வேண்டும்.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ஒரே வரியில் தர மாட்டேன். நண்பரை மடக்குவதற்கா வரலாறு படிக்கிறீர்கள்? படிக்கிற ஆள் நீங்கள் என்பதால்தான் இந்தக் கோபம்.

அல்-ஹாக்கிம் இடித்தது உண்மை. பின்னால் வந்தவர்கள் திரும்பக் கட்ட அனுமதித்ததும் உண்மை. அதை விடுங்கள்.

சில நாட்களாக என் மனம் பழைய கெய்ரோவான ஃபுஸ்தாத்திலேயே கிடக்கிறது. கடவுள் பெயர் எழுதிய தாளை எறியக் கூடாது என்று பென் எஸ்ரா ஜெபஆலயத்தின் அறையொன்றில் யூதர்கள் போட்டுவைத்த காகிதத் துண்டுகள் மூன்று லட்சத்துக்கும் மேல். பல, எபிரேய எழுத்தில் எழுதிய அரபு. யூதரும் முஸ்லிமும் கூட்டு வியாபாரம் செய்கிறார்கள். யூதர்கள் தாங்களே விரும்பி முஸ்லிம் நீதிபதியான காஜியிடம் வழக்குக் கொண்டுபோகிறார்கள். படிக்கப் படிக்க மனம் நிறைகிறது.

அப்புறம் முஸ்லிம் அல்லாதவர்கள் கட்ட வேண்டிய ஜிஸ்யா வருகிறது. பாதுகாப்புக்கு ஈடான சின்னத் தலைவரி, பரம ஏழைக்கு விலக்கு உண்டு என்று சட்ட நூல்கள் பல சொல்லும். காகிதங்களில் இருப்பது வேறு. கட்ட முடியாதவன் வரி வசூலிப்பவனுக்குப் பயந்து வீட்டுக்குள் ஒளிந்துகிடக்கிறான். ரசீது இல்லாமல் வெளியூர் போனால் சிறை. ஏழைகளுக்காக யூத சமூகமே பணம் திரட்டிக் கட்டுகிறது. இந்தக் காகிதங்களோடு பல பத்தாண்டுகள் வாழ்ந்த வரலாற்றாசிரியர் கோய்ட்டைன், வேறெதிலும் தன் கருத்தை இவ்வளவு மாற்றிக்கொள்ள நேர்ந்ததில்லை என்று எழுதினார். நீங்கள் வைத்தியரைப் பார்க்கிறீர்கள். ஒளிந்துகிடப்பவனை ஏன் பார்க்கவில்லை? அவனும் அதே ஊர்க்காரன்தானே?

சரி, வைத்தியரையே எடுத்துக்கொள்வோம். அவர் பிறந்த ஸ்பெயினின் கார்டோபாவை 1148-ல் வட ஆப்பிரிக்க முஸ்லிம் ஆட்சியாளர்களான அல்மோஹாத்கள் பிடித்தார்கள். மதம் மாறு, இல்லாவிட்டால் வெளியேறு என்றார்கள். குடும்பம் அலைந்து திரிந்து எகிப்து வந்தது. அங்கே இன்னொரு முஸ்லிம் ஆட்சி அவரைத் தாங்கியது. சுல்தான் சலாஹுத்தீனின் அமைச்சர் அல்-ஃபாதில் அவரை ஆதரித்தார். ஆனால் 1172 வாக்கில் ஏமன் யூதர்களைக் கட்டாய மதமாற்றம் நெருக்கியபோது, ஃபுஸ்தாத்தில் பாதுகாப்பாக இருந்தபடியே அவர்களுக்கு எழுதினார்: இஸ்மவேலின் மக்களை, அதாவது முஸ்லிம்களைப் போல நம்மைத் தாழ்த்தியவர்கள் வேறு எவருமில்லை என்று. அரபு மொழியில்தான் எழுதினார்.