அப்பாவின் ஸ்பேனர் பெட்டி

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு, அப்பா தவறிப் பத்து மாதமாகிறது. வயது 76. அரிசி மில் எஞ்சினில் தொடங்கி லாரி, தொலாஜி (சின்ன எஞ்சின் பூட்டிய சரக்கு வண்டி) என்று 50 வருடத்துக்கு மேல் பட்டறையிலேயே கிடந்து எங்கள் ஐந்து பேரையும் ஆளாக்கினார். தலைத் திவசத்துக்கு அவரைப் பற்றிச் சின்னதாக ஒரு புத்தகம் போட ஆசை. எழுத உட்கார்ந்தால் 'கடின உழைப்பாளி, குடும்பமே உலகம் என்று வாழ்ந்தவர்' என்பதற்கு மேல் ஒரு வரி ஓடவில்லை. அவர் அதிகம் பேசாதவர். மிச்சமிருப்பது ஒரு ஸ்பேனர் பெட்டியும், தேதி போடாமல் பென்சிலில் எழுதிய கணக்கு நோட்டும்தான். நோட்டில் பாதி பாக்கிக் கணக்கு. பெட்டியை இரும்புக் கடையில் போட்டுவிடலாம் என்கிறான் தம்பி. பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. என்ன செய்யட்டும்?
– ஒரு வாசகி, மோல்மீன், பர்மா

பதில்: அன்புத் தங்கைக்கு,

முதலில் தம்பியைப் பிடித்து நிறுத்துங்கள். திவசம் முடிகிற வரைக்கும் அந்தப் பெட்டி வீட்டை விட்டுப் போகக் கூடாது. ஏன் என்று சொல்கிறேன்.

என் மாமனார் இறந்தபோது நாங்களும் நோட்டீஸ் அடித்தோம். 'பண்பின் சிகரம், பாசத்தின் ஊற்று' என்று போட்டோம். மனுஷன் ஊரறிந்த சண்டைக்காரர், அது வேறு கதை. என் மகன் அதைப் படித்துவிட்டு, "தாத்தா என்ன வேலை பார்த்தார்?" என்று கேட்டான். நோட்டீசில் அது இல்லை. உங்களுக்கு ஓடாத அந்த இரண்டாவது வரி இருக்கிறதே, அது ஓடாததே நல்லது.

உங்கள் அப்பா வாயால் பேசவில்லை, சரி. பெட்டியைத் திறந்து ஸ்பேனர்களைத் தரையில் பரப்புங்கள். பட்டறையில் அவரோடு வேலை பார்த்த ஒரு ஆளைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். அநேகமாக மூன்று ஜாதி ஸ்பேனர் இருக்கும். சிலவற்றில் எண்ணோடு W என்று பொறித்திருக்கும். அவை விட்வொர்த், வெள்ளைக்காரன் காலத்து அளவு. அதில் அரை அங்குலம் என்று போட்டிருந்தால் ஸ்பேனர் வாய் அரை அங்குலம் இருக்காது, கிட்டத்தட்ட அதைப் போல இரண்டு மடங்கு இருக்கும். அந்த எண் போல்ட்டின் தண்டுக்கு உரியது, தலைக்கு அல்ல. உமியை எரித்து நீராவியில் ஓடிய பழைய மில் எஞ்சின்களுக்கு இதுதான் வேண்டும். அடுத்தது அமெரிக்க அங்குல அளவு. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் ராணுவம் விட்டுப்போன செவர்லே லாரிகளுக்கு மரக்கூடு கட்டி ரங்கூனில் பஸ்ஸாக ஓட்டினார்களே, அவற்றுக்கு. மூன்றாவது மில்லிமீட்டர். போர் நஷ்டஈடாக ஜப்பானோடு 1954-இல் ஒப்பந்தம் ஆன பிறகு இங்கேயே பூட்டிய ஹினோ லாரிக்கும், இன்று தொலாஜியில் படபடக்கும் ஒற்றை சிலிண்டர் சீன எஞ்சினுக்கும் அது. ஒரே ஆள் இந்த மூன்றையும் கையால் தடவியே பிரித்தெடுத்திருக்கிறார் என்றால், பர்மாவின் நூறு வருடச் சரித்திரம் அந்தப் பெட்டியில் கிடக்கிறது. எது எதற்கு என்று கேட்டு, ஒவ்வொன்றையும் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். அதிகம் தேய்ந்தது எது என்றும் பாருங்கள். அவர் வாழ்க்கையில் எந்த வண்டி அதிகம் வந்தது என்று அது சொல்லும்.

நோட்டில் தேதி இல்லையே என்று கவலை வேண்டாம். நம் நாட்டுப் பண நோட்டுகளே தேதி சொல்லும். யாராவது 35 கியாட், 75 கியாட் நோட்டாகக் கொடுத்தார்கள் என்று எழுதியிருந்தால், அது 1985-க்கும் 1987 செப்டம்பருக்கும் இடைப்பட்ட பக்கம். அந்த மாதம்தான் அவை ஒரே நாளில் செல்லாக்காசு ஆயின. 45, 90 என்று வந்தால் அதற்குப் பிந்தியது. பணம் செல்லாமல் போன அந்த வாரம் உங்கள் வீட்டில் அடுப்பு எப்படி எரிந்தது என்று அம்மாவைக் கேளுங்கள். அதற்கு ஒரு முழுப் பக்கம் கொடுக்கலாம்.

அப்புறம் 1970 டிசம்பர். இடப்பக்கம் ஓடிய வண்டிகளை வலப்பக்கம் மாற்றினார்கள். ஸ்டியரிங் இருந்த இடத்திலேயே இருந்தது, பஸ் கதவும் பழைய பக்கத்தில். இறங்குகிறவர் நடுச்சாலையில் கால் வைக்க வேண்டிய நிலை. கதவை வெட்டி மறுபக்கம் பொருத்தும் வேலை உங்கள் அப்பா கைக்கும் வந்திருக்கலாம். அப்போது அவருக்கு இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதுதானே! 1964-இல் நம்மவர்கள் கூட்டம் கூட்டமாக இந்தியாவுக்குக் கப்பலேறியபோது அவர் பதினாறு வயதுப் பையன். ஏன் போகவில்லை என்று வீட்டில் யாராவது எப்போதாவது கேட்டிருக்கிறீர்களா? தெரிந்த பெரியவர்கள் இருந்தால் உடனே கேட்டுவிடுங்கள்.

அவருடைய கோபத்தையும் எழுதுங்கள். திருப்புளியின் முனையை எஞ்சினில் வைத்து, பிடியைக் காதில் ஒட்டி, எந்த பேரிங் போயிருக்கிறது என்று கேட்கிற மெக்கானிக், அந்த நேரத்தில் யாராவது பேசினால் சீறத்தான் செய்வார். உங்கள் அப்பாவும் அப்படிச் சீறியிருப்பார். பிள்ளைகள் நீங்கள் வாசலில் மூச்சுவிடாமல் நின்றிருப்பீர்கள். அதை விட்டுவிட்டு 'சாந்தமானவர்' என்று எழுதினால் அவர் நெருங்கிய சிநேகிதர்களே சிரிப்பார்கள்.

பேரப்பிள்ளைகளுக்காகப் புத்தகத்தைப் பர்மீஸிலேயே போடுங்கள், தப்பில்லை. திருப்புளி, குறடு, அரம், சுத்தியல் போன்ற அவர் வாயில் புழங்கிய சொற்களை மட்டும் பர்மிய எழுத்தில் தமிழாகவே விடுங்கள். அம்மாவைத் தமிழில் பேசவைத்து போனில் பதிவு செய்து கொடுங்கள், அதைக் கேட்க அவர்களுக்கு எழுத்து தேவையில்லை.

கடைசியாக அந்தப் பாக்கிக் கணக்கு. புத்தகத்தின் சரக்கு முழுக்க அதில்தான் இருக்கிறது. பணம் கொடுக்க முடியாதவர்களின் எஞ்சினையும் அவர் ஓடவைத்து அனுப்பியிருக்கிறார். ஒவ்வொரு பெயரும் ஒரு வீடு, ஒரு வண்டி, ஒரு ரிப்பேர். தம்பியையும் கூட்டிக்கொண்டு அந்த வீடுகளுக்குப் போங்கள். "சயா (பர்மீஸில் வாத்தியார்) எங்கள் மெஷினை என்ன செய்தார் தெரியுமா" என்று அவர்களே ஆரம்பிப்பார்கள். ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: நோட்டைக் கையில் பார்த்ததும் பாக்கி கேட்க வந்ததாக நினைத்து மிரண்டுவிடுவார்கள். பணத்துக்கு வரவில்லை என்று வாசலிலேயே சொல்லிவிடுங்கள்.