உளிக்குறி (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

உங்கள் தாத்தாவின் வில்வண்டியைச் சரிசெய்யத் தொடங்கியிருப்பதாக முன்பு ஒரு கட்டுரையின் நடுவில் நான்கு வரி எழுதியிருந்தீர்கள். பிறகு அதைப் பற்றி ஒன்றுமே எழுதவில்லை. எங்கள் வீட்டிலும் ஒரு வில்வண்டி இருக்கிறது. கஜா புயலில் கொட்டகை சரிந்து கூண்டு நசுங்கிவிட்டது. அன்றிலிருந்து தார்ப்பாய் போட்டு மூடிக் கிடக்கிறது. அப்பா விறகுக்குக் கொடுத்துவிடலாம் என்கிறார். மரச் சக்கரத்தை எடுத்துவிட்டு டயர் மாட்டினால் வேலை சுலபம் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் கை வைக்கவே பயமாக இருக்கிறது. தெரியாமல் ஏதாவது செய்து, இருப்பதையும் கெடுத்துவிடுவேனோ என்று. உங்கள் வண்டி என்ன ஆயிற்று? எங்கிருந்து தொடங்கலாம்?

அன்புடன்,
ஒரு வாசகி, திருத்துறைப்பூண்டி

அன்புள்ள வாசகிக்கு,

வணக்கம். எங்கள் வண்டி ஓடுகிறது. ஆனால் அதற்கு நான்கு ஆண்டுகள் ஆயின. அதில் பாதிக்கு மேல், நான் செய்த தவறுகளை நானே சரிசெய்வதில் போனது. இத்தனை நாள் எழுதாமல் இருந்ததற்கும் அதுதான் காரணம். ஓடுகிற வண்டியைக் காட்டிவிட்டுத்தான் எழுத வேண்டும் என்று இருந்தேன்.

எங்கள் வண்டிக்கும் கஜாதான் கேடு. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் நீடாமங்கலம் பக்கத்து எங்கள் ஊரில் கொட்டகை மேல் தென்னை விழுந்தது. வண்டியின் கூண்டு போயிற்று, அதிர்வைத் தாங்கும் இடது வில்லில் ஓர் எஃகுப் பட்டை உடைந்தது. கொல்லையில் நின்ற பெரிய பூவரசும் அன்றே சாய்ந்தது. அதை அறுத்து நிழலில் அடுக்கிவைத்தேன். வேறு வேலை இருந்ததால் மூன்று வருடம் யாரும் தொடவில்லை. மரம் நன்றாக ஆறிவிட்டது. பிறகு வட்டைக்கு, அதாவது சக்கரத்தின் வெளிவட்ட மரத் துண்டுக்கு, அந்தப் பூவரசுதான் உதவியது.

முதல் தவறைச் சொல்கிறேன். நீங்களும் செய்யக்கூடியது அதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எங்கள் வண்டிச் சக்கரம் ஒன்றுக்கு 12 ஆரக்கால், 6 வட்டை. ஒரு வட்டையில் இரண்டு கால் ஏறும். இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து 24 கால். சக்கரத்தைச் சுற்றியிருந்த இரும்பு வளையத்தை, அதாவது பட்டாவை, கழற்றியதும் ஒரே நாளில் எல்லாவற்றையும் தட்டிப் பிரித்து, திண்ணையில் விறகு அடுக்குவது போல அடுக்கிவிட்டேன். அடுத்த வாரம் முழுக்க உட்கார்ந்து உப்புத்தாள் போட்டு ஒவ்வொரு காலாகத் தேய்த்தேன். பழைய அழுக்கு போய் உள்ளே கருவேல மரத்தின் சிவப்பு தெரிந்தபோது அவ்வளவு சந்தோஷம்.

பக்கத்து ஊரில் சக்கரம் கட்டத் தெரிந்த ஆசாரி ஒருவர் இருக்கிறார், எழுபதைத் தாண்டியவர். அவர் வந்து திண்ணையைப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. ஒரு சக்கரக் குடத்தை, கால்கள் ஏறும் அந்த நடுக்கட்டையை, மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, துளைகளைச் சுற்றி இறுகியிருந்த பழைய மையைச் சிராய்க் குச்சியால் சுரண்டினார். வைக்கோல் கரியையும் எண்ணெயையும் குழைத்துப் போட்ட மை, தார் போல இறுகியிருந்தது. அது உரிந்ததும் துளையின் ஓரத்தில் நகம் அளவுக்கு ஓர் உளிக் கோடு. அடுத்த துளைக்கு இரண்டு கோடு. அதற்கடுத்து மூன்று. இப்படி 12 வரைக்கும். மற்ற குடத்திலும் அதேபோல, ஆனால் கோடுகளுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி கூடுதல்.

"இந்தக் கோடு காலுலயும் இருந்திருக்கணுமே தம்பி" என்றார்.

இருந்திருக்கிறது. குடத்துக்குள் ஏறும் முனைக்குச் சற்று மேலே. நான்தான் அழுக்கு என்று நினைத்துத் தேய்த்துவிட்டேன். மூன்று கால்களை இன்னும் தேய்க்காமல் வைத்திருந்தேன். அவற்றில் மட்டும் கோடுகள் அப்படியே இருந்தன: ஐந்து, ஒன்பது, புள்ளியோடு இரண்டு.

"ஒரே மாதிரிதானே இருக்கு, எதை எதில் வேணும்னாலும் ஏத்தலாமே" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. "கையால எறக்குன தொளை. ஒவ்வொண்ணுக்கும் அது அதுக்குன்னு காலு. மாத்துனா ஏறும், ஆனா நிக்காது" என்றார்.

மீதி 21 காலுக்கும் துளை கண்டுபிடிக்க இரண்டு மாதம் ஆயிற்று. காலின் முனையில் விளக்குக் கரியைப் பூசி, துளையில் நுழைத்து, வெளியே எடுத்துப் பார்ப்போம். நான்கு பக்கமும் கரி சமமாக ஒட்டியிருந்தால் அது அதன் இடம். ஒரு பக்கம் மட்டும் ஒட்டியிருந்தால் இல்லை. ஒரு நாளைக்கு இரண்டு கால் கிடைத்தால் பெரிய விஷயம். அந்த வண்டியைச் செய்தவர் யாரென்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. அவர் தனக்குப் பின்னால் வரப்போகிறவனுக்காக 24 இடத்தில் குறி போட்டு வைத்திருந்தார். நான் அதைப் படிக்காமலே அழித்திருக்கிறேன். இன்றும் அதை நினைத்தால் மனது கஷ்டப்படுகிறது.

அடுத்தது பட்டா கட்டியது. சக்கரத்தின் சுற்றளவைவிட இரும்பு வளையத்தைக் கொஞ்சம் சிறிதாக அடிப்பார்கள். வறட்டி அடுக்கிக் காய்ச்சினால் வளையம் விரியும். ஐந்தடி உயரச் சக்கரத்துக்குச் சுற்றளவு பதினைந்தே முக்கால் அடிக்குப் பக்கம். அவ்வளவு நீள இரும்பு 400 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய முக்கால் அங்குலத்துக்கு மேல் நீளும். அந்த இடைவெளிக்குள் சக்கரத்தில் ஏற்றி, தண்ணீர் ஊற்றிக் குளிரவைத்துவிட வேண்டும். சுருங்கும் இரும்பு வட்டையையும் காலையும் குடத்தையும் சேர்த்து நெருக்கும். மரம் முனகும் சத்தம் நன்றாகவே கேட்கும். சக்கரத்தில் ஆணியோ பசையோ கிடையாது. மொத்தச் சக்கரமும் அந்தப் பிடியில்தான் நிற்கிறது.

நான் இதைக் கார்த்திகையில் வைத்துக்கொண்டேன். மாட்டுப் பொங்கலுக்கு வண்டி பூட்ட வேண்டும் என்று ஆசை. வாசலிலேயே வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறது, குடம் குடமாக மொண்டு ஊற்றலாம் என்ற வசதி வேறு. "பங்குனி வரட்டும்" என்று ஆசாரி இரண்டு தடவை சொன்னார். பங்குனியில் வாய்க்கால் காய்ந்து கிடக்கும், ஜனவரி 28 வாக்கில் மேட்டூர் அணையை மூடிவிடுவார்கள், தண்ணீருக்கு எங்கே போவது என்று நான் வாதம் செய்தேன். சரி என்று கட்டிக்கொடுத்தார்.

பொங்கலுக்கு வண்டி ஓடியது. சித்திரையில் பட்டா ஆடியது. ஒரு நாள் காலை பார்த்தால் இடது சக்கரத்தின் பட்டா வட்டையிலிருந்து ஒரு விரற்கடை வெளியே வந்து நிற்கிறது. சக்கரத்தைக் குளத்தில் இரண்டு நாள் ஊறப் போட்டேன், ஊரில் எல்லோரும் செய்வதுதான். இறுகியது. பத்து நாளில் முன்னைவிட மோசமாக ஆடியது.

காரணத்தை ஆசாரி பொறுமையாக விளக்கினார். ஈரம் ஏறினால் மரம் குறுக்குவாட்டில் உப்பும், நெடுக்குவாட்டில் மாற்றம் தெரியாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நம் ஊர் மரம் எல்லாம் உப்பித்தான் இருக்கும். அந்த நிலையில் அளவெடுத்து பட்டா போட்டால், வெயில் காலத்தில் வட்டையின் கனம் குறைந்து இரும்பு தளர்ந்துவிடும். ஊறப் போடுவது இன்னும் கெடுதல். உப்ப நினைக்கிற மரத்துக்கு இரும்பு இடம் கொடுக்காது, அதனால் மரம் தன்னைத்தானே நசுக்கிக்கொள்ளும். பிறகு காயும்போது அந்த நசுங்கலும் சேர்ந்து சுருங்கும். ஆபத்துக்கு ஒரு தடவை செய்யலாம், வைத்தியமாக வைத்துக்கொள்ளக் கூடாது.

அடுத்த பங்குனிக் கடைசியில் இரும்பை வெட்டி ஒட்டிச் சிறிதாக்கி, மறுபடி கட்டினோம். நசுங்கிய இரண்டு வட்டைக்குப் பதிலாக அந்தப் பூவரசு போயிற்று. தண்ணீருக்கு வயலில் போர்வெல் இருந்தது. முதலிலேயே யோசித்திருந்தால் அதையே பயன்படுத்தியிருக்கலாம்.

வில்லில் செய்தது இன்னொரு தவறு. உடைந்த பட்டையை ஒரு பட்டறையில் கொடுத்து வெல்டிங் வைத்தேன். பட்டறைக்காரர் வேண்டாம் என்றுதான் சொன்னார், நான்தான் கேட்கவில்லை. வில் எஃகில் கரி அதிகம். வெல்டிங் சூட்டில் அந்த இடம் கண்ணாடி மாதிரி ஆகிவிடும், வளையாது, உடையும். வெண்ணாற்றுப் பாலத்தை விட்டுக் கப்பி ரோட்டில் இறங்கும்போது பட்டென்று விட்டது. வண்டிக்குள் அண்ணன் பேத்தி உட்கார்ந்திருந்தாள். முட்டியில் சிராய்ப்போடு போயிற்று. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இப்போது இருப்பது பழைய வேன் பட்டையில் அதே அகலம் பார்த்து வெட்டி, காய்ச்சி வளைத்து, எண்ணெயில் தோய்த்து, மறுபடி இளஞ்சூடு காட்டிப் பதப்படுத்தியது. ஆட்கள் ஏறும் வண்டி. வில்லிலும் அச்சிலும் கடையாணியிலும் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

மூங்கிலைப் பற்றி ஒரு வரி போதும்: வெட்டியதும் கட்டாதீர்கள், தண்ணீரில் சில வாரம் ஊறப் போட்டு, நிழலில் உலர்த்திவிட்டுக் கட்டுங்கள். இல்லாவிட்டால் எங்களுடையது போல ஒரே வருடத்தில் உளுத்து மாவாகக் கொட்டும்.

இதுவரை சொன்னவை எல்லாம் பணத்தாலும் நாட்களாலும் திருத்திக்கொள்ள முடிந்தவை. ஒன்று மட்டும் திருத்த முடியாதது.

வண்டியின் பக்கப் பலகையில் நீல எனாமல் பெயிண்ட் அடித்திருந்தது. அங்கங்கே பொரிந்திருந்தது. பெயிண்ட் கரைக்கும் திரவம் வாங்கி வந்து, இரண்டு பலகையிலும் தடவி, ஒரு மத்தியானத்தில் மொத்தத்தையும் வழித்துவிட்டேன். கழுவிவிடும்போது தரையில் ஓடிய தண்ணீரில் மஞ்சளாக ஒரு சில்லு மிதந்தது. குனிந்து எடுத்துப் பார்த்தால், நீலத்துக்குக் கீழே பச்சை, பச்சைக்குக் கீழே காவிச் சிவப்பு, அதன் மேல் மெல்லிய மஞ்சள் தூரிகைக் கோடு. ஓடிப்போய்ப் பலகையைப் பார்த்தேன். வெறும் மரம்.

பெரிய அத்தையிடம் கேட்டேன். பலகை நெடுகக் கொடி ஓடும், நடுவில் மாங்காய் மாங்காயாக இருக்கும் என்றார். சின்ன அத்தை, இல்லை, கிளி இருந்தது என்றார். புகைப்படம் ஒன்றும் இல்லை. பின் சட்டத்தில் ஓர் இரும்புத் தகட்டுக்கு அடியில் மட்டும் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சிவப்பும் மஞ்சளும் மிஞ்சியிருக்கின்றன. ஒரு பெயிண்டரைக் கூப்பிட்டுக் கொடி வரையச் சொல்லலாம் என்று வீட்டில் சொன்னார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. இருந்தது என்னவென்று தெரியாதபோது ஊகித்து வரைந்தால், நாளைக்கு அதுதான் தாத்தா காலத்துக் கொடி என்று ஆகிவிடும். பலகைக்கு எண்ணெய் மட்டும் பூசி வெறுமையாக விட்டிருக்கிறேன்.

அந்த நாளுக்குப் பிறகுதான் கை நிதானத்துக்கு வந்தது. பின்பக்கம் ஏறும் இடத்தில், வலது சட்டத்தில் ஒரு பள்ளம் உண்டு. நான்கு விரல் பதியும் அளவு, எண்ணெய் தடவியது போல வழுவழுப்பு. இழைப்புளியால் ஒரு இழுப்பு இழுத்தால் சமமாகிவிடும் என்று இருந்தேன். ஆச்சி பங்குனியில் வெண்ணெய்த்தாழித் திருவிழாவுக்கு மன்னார்குடி போவது இந்த வண்டியில்தான். ஏறும்போது பிடித்துக்கொள்வது அந்த இடத்தைத்தான். அத்தை சொல்லித் தெரிந்தது. கேட்காமல் இருந்திருந்தால் அதுவும் போயிருக்கும்.

டயர் கேட்டிருந்தீர்கள். டயர் வண்டி மட்டமானது என்று நான் சொல்லமாட்டேன். பாரம் ஏற்றிய நெல் வண்டியை மாடு சிரமமில்லாமல் இழுத்தது டயர் வந்த பிறகுதான். திருவாரூர் ஆழித்தேரே இன்று திருச்சி பெல் நிறுவனம் செய்த இரும்புச் சக்கரத்தில், ஹைட்ராலிக் பிரேக்கோடு ஓடுகிறது. பல்லாயிரம் பேர் வடம் பிடிக்கும் தேருக்கு அது தேவை. உங்கள் வண்டி வருடத்தில் நான்கு தடவை நான்கு பேரை ஏற்றிக்கொண்டு போகப் போகிறது. அதற்கு மரச் சக்கரம் தாராளமாகப் போதும். அதோடு, டயர் அச்சு மாட்ட வேண்டுமென்றால் அச்சு பொருந்தும் தெப்பக்கட்டையை அறுக்க வேண்டியிருக்கும். அறுத்தால் அறுத்ததுதான். திரும்ப ஒட்ட முடியாத எந்த வேலையையும் முதல் வருடத்தில் செய்யாதீர்கள்.

சரி, எங்கே தொடங்குவது? தார்ப்பாயை எடுத்துவிடுங்கள். அதற்குள் ஈரம் தங்கி மரம் மக்கும். காற்று ஓடுகிற மாதிரி மேலே ஒரு கீற்றுக் கொட்டகை போதும். சக்கரம் மண்ணில் படாமல் செங்கல் வைத்துத் தூக்கி நிறுத்துங்கள். அப்புறம் போனில் படம் எடுங்கள், ஒவ்வொரு இணைப்பையும் நான்கு பக்கமிருந்தும். பெயிண்டைத் தொடாதீர்கள். மறைவான ஒரு மூலையில் மட்டும், நகம் அளவு இடத்தில், அடுக்கடுக்காகச் சுரண்டி அடியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பிரிக்கும் நாளில் ஒவ்வொரு துண்டிலும் நூல் கட்டி அட்டையில் எண் எழுதுங்கள். சுண்ணாம்பு வேண்டாம், கைபட்டால் அழிந்துவிடும்.

அப்பா விறகுக்குப் போடலாம் என்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவரோடு வாதம் செய்ய வேண்டாம். வண்டிப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்து, இதில் யார் எங்கே உட்கார்ந்து போவீர்கள் என்று மட்டும் கேளுங்கள். அவர் சொல்வதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஆசாரி பங்குனியில் ஓய்வாக இருப்பார். குடத்தில் உள்ள மையைச் சுரண்டாமல் வைத்திருங்கள், அதை அவரே சுரண்டட்டும். அழைத்து வருகிறேன். எங்கள் இடது சக்கரத்தில் ஒன்பதாம் கால் இன்னும் கிறீச்சிடுகிறது. அந்த வேலையையும் அதே மாதத்தில்தான் வைத்திருக்கிறோம்.

அன்புடன்.