இல்லாத கால் வலிப்பது எப்படி? – கேள்வி பதில்

கை, கால் இழந்தவர்களுக்குப் பயிற்சி தரும் பிசியோதெரபிஸ்ட் நான். மாத்திரை அளவைத் தவிர எதையும் கேட்கலாம்.

கேள்வி: அப்பாவுக்கு முழங்காலுக்குக் கீழே எடுத்து மூன்று வாரம் ஆகிறது. இல்லாத கட்டைவிரல் எரிகிறது என்கிறார். மனப்பிரமையா?

பதில்: இல்லை. 16-ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சு அறுவை மருத்துவர் ஆம்ப்ரோஸ் பாரே, இல்லாத உறுப்பில் வரும் இந்த மாயவலியைப் பற்றி எழுதிவைத்திருக்கிறார். கால் இழந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு வருவது, பெரும்பாலும் முதல் சில நாட்களிலேயே. "கால்தான் இல்லையே, எப்படி வலிக்கும்?" என்று வீட்டில் யாரும் கேட்காதீர்கள். எரிச்சலா, முறுக்கலா, ஷாக் அடிப்பது போலவா என்று கேளுங்கள். இல்லாத விரலில் வலிக்கிறதா, ஸ்டம்பில் (வெட்டிய பின் மிஞ்சியிருக்கும் பகுதியில்) வலிக்கிறதா என்றும் கேளுங்கள். ஸ்டம்பில் என்றால் தொற்று, பொருந்தாத சாக்கெட் (ஸ்டம்ப் நுழையும் செயற்கைக் காலின் குழி), வெட்டிய நரம்பு நுனியில் வளரும் நியூரோமா என்று காரணங்களே வேறு.

இன்னொன்று: தூக்கக் கலக்கத்தில் கால் இல்லை என்பதே மறந்துபோகும். இறங்கி விழுவார்கள். ஜாக்கிரதை.

கேள்வி: கண்ணாடிப் பயிற்சியை வீட்டில் எப்படிச் செய்வது?

பதில்: இல்லாத கால் அசைவதாக மூளையை நம்பவைத்து மாயவலியைக் குறைக்கப் பார்க்கும் பயிற்சி இது. ஆளுயரக் கண்ணாடி ஒன்று போதும். கால்களுக்கு நடுவே நீளவாக்கில் நிறுத்துங்கள். நல்ல கால் பக்கம் கண்ணாடி முகம், ஸ்டம்ப் பின்னால் மறைந்திருக்க வேண்டும். கொலுசு, மோதிரம், சாக்ஸ் எல்லாம் கழற்றிவிடுங்கள். இல்லாத காலில் அவை கிடையாதே, மூளை நம்பாது. கண்ணாடிக்குள் தெரியும் காலைப் பார்த்தபடி பாதத்தை மெதுவாக மடக்குங்கள், நீட்டுங்கள், விரல்களை விரியுங்கள். இல்லாத பாதத்தையும் கூடவே அசைக்க முயல வேண்டும். சும்மா வேடிக்கை பார்த்தால் பலன் இல்லை.

2007-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில் தினம் 15 நிமிடம், நான்கு வாரம் செய்தார்கள். துணி போர்த்திய கண்ணாடி முன் செய்தவர்களைவிட, பிம்பத்தைப் பார்த்துச் செய்தவர்களுக்கு வலி நன்றாகக் குறைந்தது. எல்லோருக்கும் அப்படி நடப்பதில்லை. சிலருக்கு முதல் நாள் தலைசுற்றும், அழுகை வரும், வலி கூடவும் செய்யும். நிறுத்திவிட்டு, படத்தில் இருப்பது இடது காலா வலது காலா என்று கண்டுபிடிக்கும் பயிற்சி, அப்புறம் மனதுக்குள் அசைத்துப் பார்ப்பது, கடைசியில் கண்ணாடி என்று படிப்படியாகப் போகலாம்.

கேள்வி: எனக்கு இரண்டு கால்களும் இல்லை. கண்ணாடி உதவுமா?

பதில்: பிம்பம் காட்ட ஒரு கால் வேண்டுமே. எதிரே ஒருவர் பாதத்தை அசைக்க, அதைப் பார்த்து உங்கள் மாயப் பாதங்களை அசைத்துப் பாருங்கள். சிலருக்குக் கைகொடுக்கிறது.

கேள்வி: என் கணவருக்கும் இல்லாத கை வலிக்கிறது. கற்பனையா?

பதில்: முதல் பதில்.

கேள்வி: நரம்பு வலிக்குத் தந்த கேபாபென்டின் மாத்திரையால் மயக்கமாக இருக்கிறது. நிறுத்திவிடட்டுமா?

பதில்: திடீரென்று நிறுத்தாதீர்கள். எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் இன்றே பேசுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அதையும் சொல்லுங்கள். மயக்கத்தோடு இரவில் எழுவது இரட்டை ஆபத்து.

கேள்வி: வலி மூளையில்தான் என்று நரம்பியல் விஞ்ஞானி ராமச்சந்திரன் அன்றே காட்டிவிட்டார். நீங்கள் ஏன் ஸ்டம்பையே பிடித்துத் தொங்குகிறீர்கள்?

பதில்: வாங்க, இதற்குத்தான் காத்திருந்தேன். 1990-களில் கண்ணாடிப் பெட்டியைக் கொண்டுவந்தவர் அவர்தான், மறுக்கவில்லை. கைக்கான மூளைப் பரப்பை முகத்துக்கான பகுதி எவ்வளவு ஆக்கிரமிக்கிறதோ அவ்வளவு வலி என்று 1995-இல் ஹெர்டா ஃபுளோர் குழுவும் சொன்னது. ஆனால் 2013-இல் டாமார் மேக்கின் குழு பார்த்தபோது, வலி அதிகம் உள்ளவர்களின் மூளையில் இழந்த கையின் இடம் நன்றாகவே பிழைத்திருந்தது. அடுத்த ஆண்டு வந்த ஓர் ஆய்வில், கால் இழந்தவர்களுக்கு முதுகுத்தண்டை ஒட்டிய நரம்புக் கணுக்களருகே மரப்பு ஊசி போட்டார்கள். மாயவலி தற்காலிகமாக அடங்கியது. மூளை மட்டுமே காரணமென்றால் அது ஏன் அடங்க வேண்டும்?

கேள்வி (அவரே): பிறவியிலேயே கை இல்லாத சிலருக்கும் மாயக் கை உண்டே. அங்கே எந்த நரம்பை வெட்டினார்கள்?

பதில்: நல்ல அடி. ஆனால் அவர்களுக்கு இருப்பது பெரும்பாலும் உணர்வு, வலி அபூர்வம். உணர்வை மூளையே உண்டாக்கலாம், வலிக்கு நரம்பும் எண்ணெய் ஊற்றுகிறது என்பது என் கட்சி. வெட்டிய நரம்பைப் பக்கத்துத் தசையின் நரம்போடு இணைக்கும் அறுவையில் பலருக்கு மாயவலியும் குறைகிறதே, அதற்குப் பதில் சொல்லுங்கள்.

கேள்வி: மாயக் கால் குட்டையாகி, பாதம் முழங்காலிலேயே ஒட்டியிருப்பது போல் இருக்கிறது. பயமாக இருக்கிறது.

பதில்: பலருக்கும் நடப்பதுதான். பயப்பட ஒன்றுமில்லை.

கேள்வி: கற்பனைதானோ என்று...

பதில்: முதல் பதில். மேலே இருக்கிறது.

கேள்வி: அம்மா நேற்று ராத்திரி எழுந்து, ஸ்டம்ப் தரையில் இடித்து விழுந்துவிட்டார். லேசாக ரத்தம். கட்டுப் போட்டுவிட்டோம்.

பதில்: கட்டோடு விடாதீர்கள். தையல் பிரிந்திருக்கலாம், எலும்பில் அடிபட்டிருக்கலாம். இப்போதே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். தலையில் இடித்ததா என்றும் கேளுங்கள். இன்று இரவு முதல் சக்கர நாற்காலியை அவர் இறங்கும் பக்கம் பிரேக் போட்டு நிறுத்துங்கள். கால் வைக்கப் போகும்போது கை முதலில் அதில் படட்டும்.