மார்த்தாளும் கொர்பானும் – கடிதம்

வணக்கம் ஐயா,

அம்மா பக்கவாதத்தில் படுத்து மூன்று வருடமாகிறது. நான்தான் பார்த்துக்கொள்கிறேன். உபவாச ஜெபம், ஞாயிறு ஆராதனை எதற்கும் போக முடிவதில்லை. "நீ வேலையிலேயே மூழ்கிய மார்த்தாளாகிவிட்டாய், இயேசுவின் காலடியில் அமர்ந்து கேட்ட அவள் சகோதரி மரியாளாக மாறு" என்கிறார்கள் சபையில். அண்ணன் வருமானத்தில் பத்தில் ஒரு பங்கான தசமபாகத்தைச் சபைக்குத் தவறாமல் கொடுப்பவர், முழு இரவு ஜெபத்தில் முதல் வரிசை. அம்மாவின் மருந்துக்குக் கேட்டால், "கர்த்தருக்கென்று பிரித்ததில் கைவைக்க மாட்டேன்" என்கிறார். தேவன்மேல் எனக்கிருந்த அன்பு தணிந்துவிட்டதோ என்று பயமாக இருக்கிறது. அம்மாவின் காலம் முடிந்தபின் முழுமனதோடு அவரிடம் திரும்பிவிடலாம் என்று தேற்றிக்கொள்கிறேன். அம்மாவைப் புரட்டிப் படுக்கவைக்க ஒத்தாசைக்கு வரும் பக்கத்து வீட்டு அக்கா இந்து. அவருக்கு இரட்சிப்பு உண்டா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

அந்த அக்காவின் இரட்சிப்பைக் கணக்குப் பார்ப்பது உங்கள் வேலையும் அல்ல, என் வேலையும் அல்ல. அவருக்கு நன்றி சொல்லுங்கள், போதும்.

லூக்கா சுவிசேஷத்தின் பத்தாம் அதிகாரத்தில், வழியில் அடிபட்டுக் கிடந்தவனை ஆசாரியன் கடந்து போக, அந்நியன் ஒருவன் பராமரித்த நல்ல சமாரியன் கதை முடிந்த அடுத்த வசனத்திலேயே மார்த்தாளின் வீடு வந்துவிடுகிறது. முன்னதை மறைத்துவிட்டுப் பின்னதை மட்டும் வாசிக்கிறவர்கள்தான் உங்களிடம் அப்படிப் பேசியிருக்கிறார்கள். பலவற்றைக் குறித்துக் கவலைப்பட்டுக் கலங்குகிறாய் என்றுதான் இயேசு அவளிடம் சொன்னார். சமைத்ததைக் குறை சொல்லவில்லை. லாசரு இறந்த துக்கத்தில், நீர் தேவகுமாரனாகிய கிறிஸ்து என்று அறிக்கையிட்டவளும் அதே மார்த்தாள்தான். மூன்று வருடமாகத் தாயைப் புரட்டிப் படுக்கவைக்கிறவளுக்கு இந்தப் பெயரை வசவாகச் சூட்டுகிறவர்கள், ஒரு ராத்திரி வந்து அந்தப் படுக்கைத் துணியை மாற்றட்டும்.

உங்களையும் கண்டிக்க வேண்டியிருக்கிறது. "அம்மாவின் காலம் முடிந்தபின்" என்று எப்படி எழுத மனம் வந்தது? உங்களுக்கும் தேவனுக்கும் குறுக்கே அம்மா படுத்திருக்கிறார் என்றா நினைக்கிறீர்கள்? இந்த நினைப்பை வளரவிட்டால், உங்களை அறியாமலே அவர் சாவுக்கு நாள் பார்க்கத் தொடங்கிவிடுவீர்கள். "வியாதியாயிருந்தேன், என்னை விசாரிக்க வந்தீர்கள்" என்ற இயேசுவை வேறெங்கே போய்த் தேடப்போகிறீர்கள்? இனி ஒருமுறை அப்படிச் சொல்லாதீர்கள்.

சில மாதங்களாக இயேசுவின் மலைப்பிரசங்கத்தின் ஒரு கட்டளையே எனக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. காணிக்கை செலுத்தப் பலிபீடத்தின் முன் நிற்கிறாய். உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று நினைவு வருகிறது. காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போ, முன்பு ஒப்புரவாகு, பின்பு வா. கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பலர் கலிலேயர்கள். பலிபீடமோ எருசலேமில், நூறு கிலோமீட்டருக்கும் அப்பால். மூன்று நாள் நடந்து போனவனை, ஊருக்குத் திரும்பி நடந்து, சமாதானமாகி, மறுபடி நடந்து வா என்கிறார். அதுவரை ஆராதனை பாதியில் நிற்கட்டும் என்கிறார்! அதிலும் அவர் சொல்வது நமக்குப் பிறர்மேல் உள்ள குறையை அல்ல, பிறருக்கு நம்மேல் உள்ள குறையை. காயம்பட்டவன் வீட்டுத் திண்ணையில் போய் நிற்காமல் பீடத்துக்கு வராதே என்று தேவனே வழிமறிக்கிறார்.

நெல்லைச் சீமையில் வடக்கன்குளம் திருக்குடும்ப ஆலயம் இருக்கிறது. 1872-இல் கட்டியது. இரண்டு நீண்ட மண்டபங்கள் சாய்ந்து வந்து ஒரே பீடத்தில் கூடும். ஒரு மண்டபத்தில் பிள்ளைமாரும் முதலியாரும், மற்றதில் நாடார் முதலான மற்றவர்கள். நடுவே சுவர். எல்லோரும் ஒரே பூசையைக் கண்டார்கள், ஒரே நற்கருணை வாங்கினார்கள். பக்கத்து மண்டபத்தில் முழந்தாளிட்டவனின் முகம் மட்டும் தெரியாது. கடவுளைப் பார்க்க வேண்டும், மனுஷனைப் பார்க்கக் கூடாது என்பதற்காகவே கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பிய கோயில்! பிரெஞ்சு இயேசுசபைக் குருவான கௌசானல் அடிகளார் காலத்தில், 1910-இல், சுவர் இடிபட்டது. சுவர் வேண்டும் என்றவர்கள் நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். அங்கே நின்றபோது எனக்கு இடித்தவர்மேல் வந்த மரியாதையைவிட, அத்தனை வருடம் அந்தச் சுவரோரம் கண்ணீரோடு ஜெபித்தவர்களை நினைத்து வந்த திகில்தான் பெரிது. அவர்கள் பக்தி பொய்யல்ல. பொய்யாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

உங்கள் அண்ணனின் பக்தியும் பொய்யென்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பெற்றோருக்குச் செய்ய வேண்டியதைக் "கொர்பான்", அதாவது தேவனுக்குக் காணிக்கை, என்று சொல்லிக் கைகழுவியவர்களை மாற்கு ஏழாம் அதிகாரத்தில் இயேசு என்ன சொன்னார் என்பதை அவர் வாசிக்க வேண்டும். தசமபாகத்தை அம்மாவின் மருந்துச்சீட்டைத் தாண்டி எடுத்துக்கொண்டு போகிறவருக்கு ஆண்டவரின் பதில் அங்கே இருக்கிறது.

ஜெபம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தேவனிடத்தில் அன்புகூருவதுதான் முதலாம் கற்பனை. அந்த ஊற்று வற்றினால் அம்மாவின் கட்டிலருகே உங்கள் கையும் முரடாகிவிடும். உங்களுக்கு ஆராதனை தேவை, பாட்டு தேவை, திருவிருந்து தேவை. ஆகவே அண்ணனிடம் பணத்தோடு நேரத்தையும் கேளுங்கள், கூச்சப்படாமல். வருகிற ஞாயிறு காலை அவர் வந்து அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டட்டும். நீங்கள் கோயிலுக்குப் போய்வாருங்கள்.